காற்றின் எடை தெரியும், முகவரி தெரியுமா?

கடற்காற்று உடம்புக்கு நல்லது என்று சொல்லி வளர்க்கப்பட்ட தலைமுறையைச் சேர்ந்தவன் நான். நோயிலிருந்து எழுந்தவர்களை மாலை நேரத்தில் கடற்கரைக்கு அழைத்துச் சென்று அமர வைப்பது எங்கள் வீட்டில் வழக்கம். அந்த நம்பிக்கை முழுவதும் பொய்யில்லை. ஆனால், வடசென்னையில் கடலுக்கு அருகே பல ஆண்டுகள் வாழ்ந்த பிறகு அந்த நம்பிக்கையோடு ஒரு சந்தேகமும் சேர்ந்துகொண்டது.

எங்கள் வீட்டில் இரண்டு வகைப் படிவுகளைத் துடைக்க வேண்டியிருக்கிறது. ஜன்னல் கம்பிகளில் படிவது உப்பு. அது இரும்பைத் தின்கிறது. மாடியில் உலரும் வேட்டியில் படிவது கரி. அது வெறும் தண்ணீரில் போவதில்லை, சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் மங்கலான தடத்தை விட்டுவைக்கிறது. உப்பு எங்கிருந்து வந்தது என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கரி எங்கிருந்து வந்தது? அனல் மின் நிலையத்திலிருந்தா, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையிலிருந்தா, துறைமுகச் சாலையில் வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளிலிருந்தா, குப்பை மேட்டிலிருந்தா, பக்கத்துத் தெருவில் யாரோ எரித்த டயரிலிருந்தா?

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கருத்துக்கேட்புக் கூட்டத்தில் இந்தக் கேள்வியை எழுப்பினேன். மேடையிலிருந்த அதிகாரி பொறுமையாகப் பதில் சொன்னார்: "நுண்துகளின் அளவு வரம்புக்கு உள்பட்டுத்தான் இருக்கிறது. கடலோரம் என்பதால் உப்புத் துகளும் அதில் சேர்ந்திருக்கும்." அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால், அது என் கேள்விக்கான பதிலும் இல்லை. நான் கேட்டது 'யாருடையது' என்று. அவர் சொன்னது 'எவ்வளவு' என்று. நமது காற்றுத் தரக் கண்காணிப்பின் குறை முழுவதும் இந்த இரு சொற்களுக்கு இடையில்தான் இருக்கிறது.

இந்தியாவில் இப்போது நடைமுறையில் உள்ள தேசியக் காற்றுத் தர நிர்ணயங்கள் 2009-இல் வெளியிடப்பட்டவை. பி.எம். 2.5 எனப்படும், 2.5 மைக்ரானும் அதற்குக் குறைவான விட்டமும் கொண்ட நுண்துகள், ஆண்டுச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 40 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது அது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதலோ 5 மைக்ரோகிராம் என்கிறது. இரண்டுக்கும் இடையிலான எட்டு மடங்கு வேறுபாடு குறித்து நிறைய எழுதப்பட்டுவிட்டது. இரண்டுமே எடையைத்தான் பேசுகின்றன என்பது குறித்து அவ்வளவாக எழுதப்படவில்லை.

அந்த எடைக்குள் என்னென்ன இருக்கின்றன? சல்பேட், நைட்ரேட், அம்மோனியம், மண் தூசி, கடல் உப்பு, புகைக்கரி ஆகியவற்றோடு கரிமச் சேர்மங்களும் இருக்கின்றன. முன்னவை ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு பொருள். கரிமப் பகுதியோ ஆயிரக்கணக்கான சேர்மங்களின் கூட்டம். விறகுப் புகையும், டீசல் புகையும், தாளிக்கும் எண்ணெயின் ஆவியும், உருகி எரியும் பிளாஸ்டிக்கும் இந்தக் கூட்டத்தில்தான் கலக்கின்றன. 2009 நிர்ணயங்களில் இடம்பெற்றுள்ள 12 மாசுகளில், துகளில் ஒட்டியிருக்கும் கரிமச் சேர்மம் என்று தனிப்பெயரோடு வரம்பு விதிக்கப்பட்டது பென்சோபைரீன் ஒன்றுக்குத்தான். புற்றுநோயை உண்டாக்கும் அதன் ஆண்டு வரம்பு, கன மீட்டருக்கு ஒரு நானோகிராம். நம் கைப்பேசியில் தினமும் பச்சையும் மஞ்சளும் சிவப்புமாகத் தெரியும் காற்றுத் தரக் குறியீடு எட்டு மாசுகளைக் கொண்டு கணக்கிடப்படுகிறது; அந்த எட்டில் பென்சோபைரீனும் இல்லை. ஆகவே, கரிமத் துகள்கள் நமது குறியீட்டுக்குள் பெயரற்ற எடையாக மட்டுமே நுழைகின்றன.

உள்நாட்டு நகரங்களைவிடக் கடலோர நகரங்களில் இந்தப் பெயரின்மை கூடுதல் சிக்கலானது. முதற்காரணம் உப்பு. உப்புத் துகள்களில் பெரும்பகுதி சற்றுப் பெரியவை, எனவே பி.எம். 10 அளவில் அவற்றின் பங்கு அதிகம். கடலைக் காரணம் காட்டித் தப்பிக்க அது எப்போதும் உதவுகிறது. இரண்டாவது, கடலே கரிமத் துகள்களைத் தருகிறது. அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் வெறும் உப்பை மட்டும் சுமப்பதில்லை. நீர்ப்பரப்பில் மிதக்கும் நுண்ணுயிர்ப் பாசிகளின் கொழுப்பையும் சர்க்கரையையும் சேர்த்தே சுமந்து வருகின்றன. மூன்றாவது, காற்றின் போக்கு. இரவில் நிலக்காற்று நகரத்தின் புகையைக் கடலுக்குள் கொண்டு போகிறது. மறுநாள் பகலில் கடற்காற்று அதில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொண்டு வருகிறது. கடலிலிருந்து வருவது எல்லாம் கடலுடையது அல்ல. முந்தைய இரவு நாம் அனுப்பியதையே மறுநாள் நாம் 'கடற்காற்று' என்று வாங்கிக்கொண்டிருக்கவும் கூடும்.

இப்படிக் கலந்துபோனதைப் பிரித்தறிய வழி உண்டா? உண்டு. ஒவ்வொரு எரிப்பும் தனக்கென ஒரு கைரேகையை விட்டுச் செல்கிறது. மரத்தின் செல்லுலோஸ் எரியும்போது லெவோகுளுகோசான் என்ற சர்க்கரை வகைச் சேர்மம் உருவாகிறது. பெட்ரோலையோ டீசலையோ எரித்து அதைப் பெற முடியாது. எஞ்சினின் மசகு எண்ணெயில் ஹோப்பேன் என்ற சேர்மங்கள் இருக்கின்றன. இறைச்சியை வாட்டும் புகையில் கொலஸ்டிரால் இருக்கிறது. பிளாஸ்டிக் எரியும் புகையில் டிரைபீனைல்பென்சீன் இருக்கிறது. முன்கூட்டியே உலையில் சுட்டுத் தூய்மையாக்கிய குவார்ட்ஸ் இழை வடிதாளில் காற்றை இழுத்து, அதில் படிந்ததைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தால் இவை ஒவ்வொன்றின் அளவும் தெரியவரும். வடிதாளைத் தொடும் விரலின் எண்ணெய்ப் பசைகூட முடிவை மாற்றிவிடும் அளவுக்கு நுட்பமான வேலை அது. ஆனாலும் புதிய வேலை அல்ல.

இதற்கு முன்னுதாரணமும் ஒரு கடலோர நகரம்தான். 1940-களில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரைக் கண்ணெரியும் புகைமூட்டம் சூழ்ந்தபோது, மற்ற தொழில் நகரங்களைப் போலவே அங்கும் கந்தகப் புகையே காரணம் என்று முதலில் கருதப்பட்டது. அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர், அதே முறையில் அந்த நகரத்துக் காற்றை உறைய வைத்துப் பார்த்தார். அவருக்குக் கிடைத்தது கரிமச் சேர்மங்களின் கலவை. வாகனங்களும் எண்ணெய் ஆலைகளும் வெளியிடும் ஹைட்ரோகார்பன்கள் வெயிலில் வேதிமாற்றம் அடைந்து அந்தப் புகைமூட்டத்தை உருவாக்குகின்றன என்பதை 1950-களின் தொடக்கத்தில் அவர் நிறுவினார். எண்ணெய்த் தொழில் துறை அதை எளிதில் ஏற்கவில்லை. ஆயினும், கட்டுப்பாட்டு நடவடிக்கைகள் சரியான வாசலை நோக்கித் திரும்பியது அதன் பிறகுதான். வீட்டுக் கொல்லைகளில் குப்பை எரிப்பதும் அங்கு 1957-இல் தடை செய்யப்பட்டது.

கதை அத்தோடு முடியவில்லை. 1990-களில் அதே நகரத்தின் நுண்துகள்களில் உள்ள கரிமச் சேர்மங்களை ஒவ்வொன்றாக அளந்த கால்டெக் ஆய்வாளர்கள், இறைச்சி வாட்டும் உணவகப் புகைக்கும் அதில் கணிசமான பங்கு இருப்பதைக் கண்டனர். எடையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் யாருடைய சந்தேகப் பட்டியலிலும் இடம்பெற்றிருக்காத மூலம் அது. 1997-இல் உணவக வாட்டு அடுப்புகளுக்கு அங்கு தனி விதி வந்தது.

நமக்கு அருகில் நடந்த இன்னொரு ஆய்வு அரசியல் முக்கியத்துவமும் வாய்ந்தது. இந்தியப் பெருங்கடலின் மேல் குளிர்காலத்தில் பரவும் பழுப்பு மேகம் எதனால் ஆனது என்று நெடுநாள் வாதம் நடந்தது. எரிபொருள் பயன்பாட்டைக் கணக்கிட்டவர்கள், விறகும் சாணமும் போன்ற உயிரி எரிபொருளே 50 முதல் 90 சதவீதம் என்றனர். துகள்களின் கூறுகளை அளந்தவர்கள், நிலக்கரி, பெட்ரோலியத்தின் பக்கம் கைகாட்டினர். முதலாவது சரியென்றால் குற்றவாளி கிராமத்து அடுப்பு. இரண்டாவது சரியென்றால் ஆலையும் வாகனமும். இந்த வழக்கில் சாட்சியாக வந்தது கார்பன்-14. மண்ணுக்கடியில் பல கோடி ஆண்டுகள் கிடந்த நிலக்கரியிலும் எண்ணெயிலும் அது எஞ்சியிருப்பதில்லை. அண்மையில் வெட்டிய விறகில் இருக்கும். மாலத்தீவின் ஹனிமாதூ தீவிலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் சிங்ககட்டிலும் சேகரித்த துகள்களை ஆராய்ந்து, மொத்தக் கரிமத் துகள்களில் மூன்றில் இரண்டு பங்கு உயிரி எரிப்பிலிருந்து வந்தது என்று 2009-இல் 'சயின்ஸ்' இதழில் முடிவு வெளியிடப்பட்டது. எஞ்சிய ஒரு பங்கு புதைபடிவ எரிபொருளுடையது. ஊகங்களின் இடத்தில் ஓர் அளவு வந்து அமர்ந்தது.

சென்னையின் காற்றும் இப்படி ஆராயப்பட்டிருக்கிறது. 2007-இன் குளிர்காலத்திலும் கோடையிலும் இங்கு சேகரித்த துகள்களை ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூலக்கூறு வாரியாக அளந்து, 2010-இல் முடிவுகளை வெளியிட்டனர். பிளாஸ்டிக்குக்கு நெகிழ்வு தரச் சேர்க்கப்படும் தாலேட்டுகளும், பாட்டில் பிளாஸ்டிக்கின் மூலப்பொருளான டெரிப்தாலிக் அமிலமும் அதில் குறிப்பிடத்தக்க அளவில் இருந்தன. அந்த அமிலம் கூடும்போது டிரைபீனைல்பென்சீனும் கூடியது. பிளாஸ்டிக் கலந்த நகரக் குப்பை திறந்தவெளியில் எரிக்கப்படுவது இந்தக் காற்றின் ஒரு முக்கிய மூலம் என்று அவர்கள் கருதினர். நுண்துகளின் எடையை எத்தனை ஆண்டுகள் அளந்தாலும் இந்த உண்மை வெளிவந்திருக்காது.

பிளாஸ்டிக் புகை என்பதை உறுதிசெய்யக் குளோரைடை அளந்தால் போதாதா என்று கேட்கலாம். பி.வி.சி. எரிந்தால் குளோரின் வெளியேறும் என்பது உண்மை. தில்லியின் குளிர்காலப் பனிப்புகையில் குளோரைடின் பங்கைச் சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் தலைமையிலான குழு 2021-இல் விளக்கியிருக்கிறது. கடலுக்கு வெகுதொலைவில் உள்ள அங்கு குளோரைடைக் கண்டதும் மனிதச் செயலைச் சந்தேகிக்கலாம். கடலோரத்தில் அது இயலாது. ஏனெனில் உப்பே குளோரைடுதான். இங்கு எரிந்தது எது என்று சொல்லக்கூடிய சாட்சி கரிம மூலக்கூறுகளே.

இவ்வளவு நுட்பமான அளவீடு யாருக்கு வேண்டும் என்ற கேள்விக்கு எண்ணூர் பதில் சொல்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் கழிமுகத்திலும் பரவியது. படகும் வலையும் பாழானதைக் கண்ணால் காண முடிந்தது. இழப்பீடு பற்றியாவது பேச முடிந்தது. மூச்சில் போனது என்ன என்று மீனவக் குடும்பங்கள் கேட்டால் எதைக் காட்டுவது? 2010-இல் மெக்ஸிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு வெடித்தபோது, அமெரிக்க ஆய்வு விமானம் ஒன்று அந்த எண்ணெய்ப் படலத்தின் மேல் பறந்து அளந்தது. ஆவியான எண்ணெய் காற்றிலேயே வேதிமாற்றம் அடைந்து கரிமத் துகள்களாக மாறுவது அதில் தெரியவந்தது. நீரில் கொட்டியது நீரோடு போய்விடுவதில்லை. ஒரு பகுதி காற்றாகி, துகளாகி, கரையில் வாழ்பவரின் நுரையீரலுக்கு வருகிறது.

இதே கேள்வி நாளை கொடுங்கையூரிலும் எழும். அங்கு குப்பையை எரித்து மின்சாரம் தயாரிக்கும் ஆலையை அமைக்கும் மாநகராட்சியின் திட்டத்தை அப்பகுதி மக்கள் எதிர்த்துப் போராடினார்கள். ஆலை நவீனமானது, புகை சுத்திகரிக்கப்படும் என்பது ஒரு தரப்பு. ஏற்கெனவே மாசு சுமக்கும் பகுதியில் இன்னொரு புகைபோக்கியா என்பது மறுதரப்பு. நான் மக்களின் அச்சம் நியாயமானது என்று கருதுகிறேன். ஆனால், இங்கு நான் சொல்ல வருவது இரு தரப்புக்கும் பொதுவானது. ஆலை வருவதற்கு முந்தைய காற்றில் எந்தெந்தக் கரிமச் சேர்மம் எவ்வளவு இருந்தது என்ற குறிப்பு இல்லாவிட்டால், வந்த பிறகு எதையும் மெய்ப்பிக்க முடியாது. ஆலை குற்றமற்றது என்றாலும் மெய்ப்பிக்க முடியாது. குற்றமுடையது என்றாலும் மெய்ப்பிக்க முடியாது. சாட்சி இல்லாத வழக்கில் எப்போதும் வெல்பவர் வலியவரே.

அளவீடு திசைமாறினால் பணமும் திசைமாறும். 2019-இல் தொடங்கப்பட்ட தேசியத் தூய காற்றுத் திட்டத்தின்கீழ் ஏறத்தாழ 130 நகரங்கள் உள்ளன. தமிழகத்தில் சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி ஆகியவை அவற்றில் அடங்கும். நகரங்களின் செயல்பாடு பி.எம். 10 அளவைக் கொண்டு மதிப்பிடப்படுகிறது. விளைவு என்ன? செலவிடப்பட்ட நிதியில் 64 சதவீதம் சாலைத் தூசியைக் கட்டுப்படுத்தவே போயிருக்கிறது என்றும், தொழிற்சாலை மாசுக்கு ஒரு சதவீதம்கூடச் செலவாகவில்லை என்றும் அறிவியல், சுற்றுச்சூழல் மையம் 2024-இல் சுட்டிக்காட்டியது. எடைதான் அளவுகோல் என்றால், எளிதாகக் குறைக்கக்கூடிய எடையைக் குறைப்பதே நிர்வாகத்துக்கு உகந்த வழியாகிவிடும். சாலையைக் கூட்டுவது தேவைதான். ஆனால், நுரையீரலின் ஆழம்வரை செல்வது சாலைப் புழுதி அல்ல. எரிப்பிலிருந்து பிறக்கும் நுண்துகள்.

இதற்கு இரண்டு மறுப்புகள் சொல்லப்படுகின்றன. மாசின் மூலங்கள் எல்லோருக்கும் தெரிந்தவைதானே, ஆய்வு என்ற பெயரில் நடவடிக்கையை ஏன் தள்ளிப்போட வேண்டும் என்பது முதலாவது. இதில் நியாயம் இருக்கிறது. குப்பை எரிப்பதை நிறுத்த எந்த ஆய்வும் தேவையில்லை. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே அதைத் தடை செய்துவிட்டன. ஆனால், அந்தத் தடை நடைமுறைக்கு வந்ததா என்பதைச் சொல்ல அளவீடு வேண்டும். பிளாஸ்டிக்கின் கைரேகை காற்றில் குறையவில்லை என்றால், தடை தாளில் மட்டுமே இருக்கிறது என்று பொருள்.

அளவீட்டிலும் பிழை உண்டு என்பது இரண்டாவது. இதையும் மறுப்பதற்கில்லை. லெவோகுளுகோசான் போன்ற கைரேகைகள் காற்றில் பயணிக்கும்போது மெல்லச் சிதைகின்றன. பல கரிமத் துகள்கள் புகைபோக்கியிலிருந்து துகளாக வருவதே இல்லை. வாயுவாக வெளியேறி வழியில் துகளாகின்றன. அவற்றின் பிறப்பிடத்தைச் சொல்லக் கணித மாதிரிகளின் துணை வேண்டும். மாதிரிகள் ஒன்றோடொன்று மாறுபடும். ஆனால், பிழை வரம்போடு கூடிய பதில், பதிலே இல்லாததைவிட மேலானது. 'மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை' என்று அறிவியல் சொன்னால், 'எல்லாம் கடலுப்பு' என்று சொல்வதற்கு இடமிருக்காது.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். மூலங்களைக் கண்டறியும் அறிவு, எளியவரைத் தண்டிக்கும் கருவியாக மாறிவிடக் கூடாது. விறகடுப்பில் சமைக்கும் பெண்ணின் மீதும், கையேந்திபவன் நடத்துபவர் மீதும், குப்பையை எரிக்கும் தூய்மைப் பணியாளர் மீதும் விரல் நீட்டுவது எளிது. பெரிய புகைபோக்கியை நோக்கி நீட்டுவது கடினம். சிறியதை மட்டும் அளந்தால் சிறியவர் மட்டுமே குற்றவாளி ஆவார். ஆகவேதான் எல்லாவற்றையும் ஒருங்கே அளக்க வேண்டும் என்கிறேன். விறகடுப்பின் பங்கு தெரிந்தால் அதற்கான தீர்வு அபராதம் அல்ல, வாங்கக்கூடிய விலையில் எரிவாயு. குப்பைப் புகையின் பங்கு தெரிந்தால் அதற்கான தீர்வு, குப்பை நாள்தோறும் அள்ளப்படுவது.

செய்ய வேண்டியது நம் சக்திக்கு அப்பாற்பட்டதல்ல. எண்ணூர், மணலி வட்டாரத்திலும், கொடுங்கையூர், பெருங்குடி குப்பைக் கிடங்குகளை ஒட்டியும், தூத்துக்குடியிலும், கடலூர் தொழிற்பேட்டை அருகிலும் துகள்களின் உட்கூறுகளை ஆண்டு முழுவதும் அளக்கும் நிலையங்கள் வேண்டும். மழைக்காலம், கோடை, போகி என்று பருவமும் பண்டிகையும் மாறும்போது காற்றும் மாறுவதால், இரண்டு வார மாதிரிகள் போதாது. மாநிலத்தின் பல்கலைக்கழகங்களை இப்பணியில் ஈடுபடுத்த வேண்டும். ஒவ்வொரு பெரிய ஆலைக்கும் சுற்றுச்சூழல் அனுமதி தருவதற்கு முன்பே அப்பகுதிக் காற்றின் கரிமக் கூறுகள் பதிவு செய்யப்பட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, முடிவுகள் கோப்பில் உறங்காமல், சாமானியருக்குப் புரியும் தமிழில் பொதுவெளியில் வைக்கப்பட வேண்டும்.

மருத்துவமனையில் எடை பார்ப்பது சோதனையின் தொடக்கம் மட்டுமே. எடையைச் சொல்லிவிட்டு நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் மருத்துவரை யாரும் ஏற்பதில்லை. ரத்தத்தைச் சோதித்துப் பார்க்கச் சொல்வோம். காற்றின் விஷயத்தில் மட்டும் எடையோடு நாம் வீடு திரும்பிவிடுகிறோம்.

எங்கள் மாடியில் இன்றும் வேட்டி உலர்கிறது. இன்றும் அதில் கரி படிகிறது. அது குறைய வேண்டும் என்பது என் ஆசை. குறையும்வரை, அது யாருடையது என்று தெரிந்துகொள்வது என் உரிமை. கடலோரத்தில் வாழும் ஒவ்வொருவருக்கும் அந்த உரிமை உண்டு. உப்பைக் காட்டி அதை மறுக்க அனுமதிக்கக் கூடாது.